பேலன்ஸ் வைக்கும் நேரம்

அண்ணன் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தபோது அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. அம்மாவின் கட்டிலருகே நாற்காலியில் உட்கார்ந்தபடியே இடது கையை மட்டும் உயர்த்தி உள்ளங்கையைக் காட்டினார்.

"இரு. பேலன்ஸ் வைக்கிறா."

அண்ணன் அறை வாசலிலேயே நின்றுவிட்டான். ஏதோ சொல்லத் திறந்த வாயை மூடிக்கொண்டான். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. சட்டையின் முதுகுப் பக்கம் நனைந்து ஒட்டியிருந்தது.

அவன் தங்கை அடுக்களையில் வெந்நீரில் துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். அங்கிருந்து அண்ணனின் முதுகு மட்டும்தான் தெரிந்தது. உடனே போகவில்லை. அம்மா அண்ணனோடு நேராகப் பேசி ஒன்பது வருஷம் ஆகிறது. இன்றைக்காவது அவன் பேசட்டும், நடுவில் நாம் எதற்கு என்று நினைத்தாள். சத்தம் வராமல் குழாயை மூடினாள்.

 வீட்டில் ஃபேன் சத்தம் மட்டும் இருந்தது. அது சற்று நேரம் கூடுதலாகவே நீண்டதுபோல் தோன்றியபோது துணியோடு அறைக்குப் போனாள். அண்ணன் கதவு நிலையில் சாய்ந்து நின்றான். அவனும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான். அப்பாவின் கை உயர்த்தியபடியே இருந்தது. அம்மாவின் வாய் லேசாகத் திறந்திருந்தது. வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. இந்த ஒரு மாதமாக அப்படித்தான்.

அவள் இரண்டு விரல்களை அம்மாவின் தாடைக்குக் கீழே வைத்தாள். ஒரு துடிப்பு. பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு இன்னொன்று, முதலாவதைவிட மெலிதாக. அவள் காத்திருந்தாள். அதற்குப் பின் வரவில்லை.

"அப்பா, கைய கீழ போடுங்க."

"இரு, விட்ருவா."

"இல்லப்பா."

அப்பா கையைக் கீழே போடவில்லை. அவள்தான் அதைப் பிடித்து அவர் மடியில் வைத்தாள்.

*

வாட்சுக்குள் கடைசியாக வைப்பது பேலன்ஸ். இப்படியும் அப்படியும் ஆடும் ஒரு சிறு சக்கரம். அதோடு சேர்ந்து முடியைவிட மெல்லிய ஒரு சுருள் கம்பி. அதை இடுக்கியால் எடுத்து அதன் இடத்தில் இறக்கும்போது மூச்சு பட்டால்கூட ஓரம் சாயும், கம்பி சிக்கும். அதனால் அசெம்ப்ளி ஹாலில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் பேலன்ஸ் வைப்பார்கள். மூச்சைப் பிடித்திருப்பவளிடம் யாரும் பேசக் கூடாது. அது எந்தச் சுவரிலும் எழுதி ஒட்டாத சட்டம். சூப்பர்வைசர் பேசமாட்டார். முதலாளியே வந்தாலும் நின்றுகொண்டுதான் இருக்க வேண்டும். சக்கரம் ஆடத் தொடங்கி, அவள் மூச்சை விட்டு நிமிர்ந்த பிறகுதான் வணக்கம்கூட.

அம்மா அந்த ஹாலில் முப்பது வருஷத்துக்குமேல் இருந்தாள். அப்பா அதே கம்பெனியில் பாலிஷ் செக்‌ஷன். அங்கே பட்டை ஓடும் இரைச்சலில் கத்தித்தான் பேச வேண்டும். அந்தக் கத்தல் வீட்டுக்கும் வந்துவிட்டது. அப்பா உப்பு கேட்டால் பக்கத்து வீட்டில் எடுத்து வைப்பார்கள் என்று அம்மா சொல்வாள். அப்படிப்பட்டவர் ஷிஃப்ட் முடிந்து அசெம்ப்ளி ஹாலின் கண்ணாடிக்கு வெளியே நின்றால் இருமலைக்கூட அடக்கிக்கொள்வார்.

வீட்டிலும் அதே சட்டம்தான். அம்மா ஊசியில் நூல் கோர்க்கும்போது, அடுப்பிலிருந்து பாலை இறக்கும்போது, பிள்ளைகள் காலில் குத்திய முள்ளை எடுக்கும்போது மூச்சு நின்றுவிடும். அண்ணனும் அவளும் காத்திருப்பார்கள். பள்ளியில் விழுந்து முட்டி கிழிந்து வந்தால்கூட, அம்மா மூச்சை விட்ட பிறகுதான் அழுகை.

போன மாதம் அம்மாவின் மூச்சு முதல்முறையாக இடையில் நின்றபோது அவள் பதறிப்போய் நர்ஸுக்கு போன் செய்தாள். கடைசி நாட்களில் இப்படித்தான் விட்டு விட்டு வரும், இடைவெளி கூடிக்கொண்டே போகும், மூளை மூச்சை மறந்து மறந்து நினைத்துக்கொள்கிறது என்றாள் நர்ஸ். போனை வைத்துவிட்டு அவள் அதை அப்பாவுக்குப் பொறுமையாக விளக்கினாள். ரத்தத்தில் எது ஏறும், எது இறங்கும், மூளைக்கு எப்போது சேதி போகும் எல்லாம் சொன்னாள். அப்பா தலையாட்டிக் கேட்டார்.

அடுத்த முறை மூச்சு நின்றபோது, "பதறாத. பேலன்ஸ் வைக்கிறா" என்றார்.

ஒவ்வொரு முறையும் அம்மா மூச்சை விட்டாள். ஒவ்வொரு முறையும் அப்பா, "ஒண்ணு முடிஞ்சுது" என்றார்.

*

தெருமுனைக் கிளினிக் டாக்டர் கொட்டாவியை அடக்கிக்கொண்டு வந்தார். அம்மாவின் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார், மார்பில் குழாயை வைத்துக் கேட்டார், கைப்பையிலிருந்து இறப்புச் சான்றிதழ் படிவத்தை எடுத்து மேசைமேல் வைத்து எழுதத் தொடங்கினார். பெயர், வயசு, நோய்.

"எத்தனை மணிக்கு?"

அப்பா கட்டிலின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாடகைக்கு எடுத்த ஆஸ்பத்திரிக் கட்டில்.

"நான் வந்தது மூணரைக்கு" என்றான் அண்ணன்.

"நீங்க வந்ததைக் கேக்கல சார். அவங்க போனதை."

அண்ணன் அவளைப் பார்த்தான். பிறகு அப்பாவைப் பார்த்தான். அவன் என்ன கேட்கப்போகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. அவன் வாசலில் நின்றபோது அம்மா இருந்தாளா, இல்லையா. இருந்தாள் என்றால் அவனை அம்மாவிடம் பேசவிடாமல் நிறுத்தியது அப்பாவின் கை. இல்லை என்றால் அவன் தாமதமாக வந்தவன். மூன்றாவதாக ஒன்று இல்லை.

அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவள். ரத்தம் எடுத்த நேரத்தைக் குழாயில் எழுதாமல் கீழே வைக்கமாட்டாள். இதுவரை ஒரு குழாயில்கூடத் தவறான நேரத்தை எழுதியதில்லை.

"மூணேகால்" என்றாள்.

டாக்டர் எழுதினார். அப்பா நிமிர்ந்து அவளைப் பார்த்தார். உடனே மறுபடியும் சக்கரத்தைப் பார்த்தார்.

டாக்டர் போன பிறகு அண்ணன் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து அடையாள அட்டையைக் கழற்றிக் கையில் சுருட்டினான்.

"மூணேகாலா?"

"ம்."

"அப்ப நான் நிக்கறப்ப..."

"முடிஞ்சிருச்சுண்ணா."

"அப்ப அப்பா எதுக்கு இருன்னார்?"

"அவருக்குத் தெரியல."

அவன் நாடாவை விரலில் சுற்றினான், பிரித்தான், மறுபடியும் சுற்றினான்.

"அப்ப நான் பேசியிருந்தாலும் கேட்டிருக்காது."

"கேட்டிருக்காது."

"நீ காலையிலேயே சொன்ன. உடனே வாண்ணான்னு. நான்தான் பேச்சுவார்த்தை முடிஞ்சிடும், மதியம் வந்துடறேன்னேன்." அவன் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "கம்பெனி பேர வாங்க வந்திருந்தாங்க. இன்னிக்கு விட்டா இன்னொரு நாள் வரமாட்டாங்கன்னு எம்.டி. சொன்னார். நான் இருந்தும் ஒண்ணும் ஆகல. சும்மா உக்காந்திருந்தேன். தண்ணி பாட்டில எல்லார் பக்கமும் தள்ளிக்கிட்டு."

*

அந்தக் கம்பெனியைத் தொடங்கியபோது அது ஒரு பழைய நூல் கிடங்கு. முதலாளி வெளிநாட்டில் யாரோ கழித்துப்போட்ட மெஷின்களைக் கப்பலில் கொண்டுவந்து இறக்கினார். முதலில் வந்த வாட்சுகளைப் பற்றி ஊரில் ஒரு கேலி உண்டு. நடக்கும், ஆனால் போய்ச் சேராது. பிறகு முதலாளிக்கு ஆண்களின் விரல் தடிமன் என்று தோன்றியது. பெண்களை வரிசையாக உட்காரவைத்து, கண்ணாடித் தட்டில் எள்ளைக் கொட்டி, இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக அடுக்கச் சொன்னார். உள்ளங்கை வியர்ப்பவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அம்மாவுக்கு வியர்க்கவில்லை. அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது.

அதன் பிறகு வாட்ச் போய்ச் சேர்ந்தது. ஓய்வுபெறும் எல்லோருக்கும் அலுவலகங்கள் அதைத்தான் கொடுத்தன. ஜனங்கள் பணம் கட்டிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். அம்மா கையில் மட்டும் வாட்ச் இருந்ததில்லை. ஹாலில் வளையல், மோதிரம், வாட்ச் எதற்கும் அனுமதி கிடையாது. பழகிப்போய் வெளியிலும் கட்டமாட்டாள். யாராவது மணி கேட்டால் வானத்தைப் பார்ப்பாள்.

பிறகு பேட்டரி வாட்ச் வந்தது. அதற்குள் பேலன்ஸே கிடையாது.

அண்ணன் அப்போது கம்பெனியின் திட்டப் பிரிவில் இருந்தான். கம்பெனி கொடுத்த உதவியில் இஞ்சினியரிங் படித்து, அதே கம்பெனியில் சேர்ந்தவன். அசெம்ப்ளி ஹாலை மூடினால்தான் மீதி கம்பெனி பிழைக்கும் என்று கணக்குப் போட்டது அவன்தான். கணக்கில் தப்பில்லை. அம்மாவும் அதைத் தப்பு என்று சொன்னதில்லை. அறிவிப்பை ஒட்டுவதற்கு முந்தின நாள் இரவு அவன் இங்கே வந்து சாப்பிட்டான். கிரிக்கெட் பேசினான். இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டான். காலையில் அம்மா ஹால் கதவில் படித்துத் தெரிந்துகொண்டாள், மற்றவர்களோடு நின்று.

அதன் பிறகு அவன் வந்தால் அம்மா சாப்பாடு போடுவாள். "அவனுக்கு ரசம் வேணுமான்னு கேளு" என்று மகளிடம் சொல்வாள். அவன் எதிரிலேயே உட்கார்ந்திருப்பான்.

*

மாலை குண்டூசி அத்தை வந்தாள், ஹாலில் அம்மாவோடு வேலை செய்த இன்னும் நான்கு பேரோடு. முழங்கால் வலிக்கிறவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். குண்டூசி அத்தை கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து போர்வையின் சுருக்கத்தை நீவினாள். ஒல்லியாக இருந்த காலத்தில் வைத்த பெயர். இப்போது கட்டில் அவள் பக்கம் சாய்ந்தது.

"இவ ஒரு தடவை மந்திரியையே நிக்க வச்சா தெரியுமா" என்றாள் பொதுவாக. "மொதலாளி கூட்டிக்கிட்டு வர்றார், பின்னாடி போட்டோக்காரன். இவ அப்பதான் மூச்ச பிடிச்சிருக்கா. மந்திரி என்னம்மா பேருங்கறார். பதிலே இல்ல. மொதலாளி அவர் காதுல, ஐயா கொஞ்சம் பொறுங்கங்கறார். ஹால் மொத்தமும் நிக்குது. இவ வச்சு முடிச்சு, மூச்ச விட்டு, நிமிர்ந்து பாத்து, 'நீங்கதான் பேட்டரி செல்லு விக்கறவரா'ன்னா."

நாற்காலிகளில் இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஒருத்தி சிரித்தபடியே கண்ணைத் துடைத்தாள்.

குண்டூசி அத்தையின் பார்வை வாசலில் நின்ற அண்ணன் மேல் விழுந்தது.

"வாங்க சார். வேலையெல்லாம் முடிஞ்சுதா? இன்னிக்குப் பேரையும் வித்துட்டீங்களாமே."

"அத்தை..."

"மெஷின எடைக்குப் போட்டீங்க. ஹால கல்யாணத்துக்கு வாடகைக்கு விட்டீங்க. எங்கேயோ செஞ்ச வாட்ச வாங்கி அதுல நம்ம பேர ஒட்டினீங்க. இப்ப பேரும் போச்சு. இன்னும் விக்க என்ன இருக்கு? கேட்டுல ஒரு வாட்ச்மேன் இருக்கான், அவனையும் யாராவது கேப்பாங்களான்னு பாருங்க."

யாரும் சிரிக்கவில்லை. அத்தை போர்வையை இன்னொரு முறை நீவினாள். குரல் இறங்கியது.

"சரி விடு. அம்மா உன்னைப் பாத்தாளா?"

அப்பா அடுக்களை வாசலில், கையில் தண்ணீர்ச் சொம்போடு நின்றார்.

"இல்ல அத்தை" என்றான் அண்ணன். "நான் வர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சு. லேட்டாயிடுச்சு."

குண்டூசி அத்தை அவனை வெகுநேரம் பார்த்தாள். சுவரோரம் நின்ற தங்கை, அடுத்த கிண்டல் வரும் என்று நினைத்தாள். வரவில்லை. அத்தை சற்று நகர்ந்து, கட்டிலில் தன் பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டினாள். அவன் வந்து உட்கார்ந்தான். குனிந்து, முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டான். அத்தை அவன் முதுகில் கை வைத்தாள்.

அப்பா சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே திரும்பிப்போனார்.

அவள் பின்னாலேயே போனாள். அவர் சொம்பைத் தொட்டி மேடையில் வைத்துவிட்டு அதன் விளிம்பைப் பிடித்தபடி நின்றார்.

"அவன் வந்தப்ப இருந்தா" என்றார். அவர் இவ்வளவு மெதுவாகப் பேசி அவள் கேட்டதில்லை.

அவள் அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"கழுத்துல அந்த நரம்பு ஆடினத நானும் பாத்தேன். நீ கை வச்சப்பகூட இருந்துது."

"தெரியும்பா."

"பின்ன ஏன் மூணேகால்னே?"

அவள் சொம்பை எடுத்துக் கழுவினாள். ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"நான் வேணும்னு பண்ணலடா. வாய் தானா சொல்லிருச்சு. கை தானா போயிருச்சு."

"தெரியும்."

"விட்ருவான்னுதான் நெனச்சேன். விட்டப்புறம் அவன் பேசட்டும்னு." அவர் கூடத்துப் பக்கம் தலையைத் திருப்பினார். அங்கே யாரோ மூக்கைச் சிந்தினார்கள். "சொல்லிடவா அவன்கிட்ட?"

அந்த மூணேகால் அவளுக்கும் தேவைப்பட்டது. குழாயை மூடிவிட்டு அடுக்களையில் நின்றது அவள். உடனே போயிருந்தால் கழுத்தைத் தொட்டுப் பார்த்திருப்பாள், பேசுண்ணா என்று சொல்லியிருப்பாள். அது அப்பாவுக்குத் தெரியாது.

"உங்க இஷ்டம்பா" என்றாள்.

*

மறுநாள் காலை வண்டி வந்தது. அம்மாவைத் தூக்கும்போது அப்பா கால் பக்கம், அண்ணன் தலைப் பக்கம். வண்டிக்குள் இரண்டு பேரும் எதிரெதிராக உட்கார்ந்தார்கள். அவள் ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒரு திருப்பத்தில் அப்பா முன்னால் சாய்ந்தார்.

"டேய்."

"என்னப்பா?"

அப்பா அவன் முகத்தைப் பார்த்தார். அழுது வீங்கியிருந்தது. நெற்றியில் நடுவே ஒரு கோடு விழுந்திருந்தது, அது அம்மாவுக்கும் உண்டு.

"வீட்ல கேஸ் சிலிண்டர மூடினோமா?"

"மூடியாச்சுப்பா."

அதன் பிறகு அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

எல்லாம் முடிந்து திரும்பி வந்தபோது வெயில் ஏறிவிட்டது. வாடகைக் கட்டில்காரர் தள்ளுவண்டியோடு வாசலில் காத்திருந்தார். உள்ளே வரத் தயங்கினார். "அவசரமில்லீங்க" என்றார். ஆனால் போகவில்லை.

அவள் மெத்தையைச் சுருட்டி எடுத்துச் சுவரோரம் நின்றாள். அப்பாவும் அண்ணனும் ஆளுக்கொரு பக்கம் கட்டிலைப் பிடித்தார்கள். அது அறைக் கதவில் இடித்தது. பக்கவாட்டில் திருப்பினார்கள், மறுபடியும் இடித்தது. கீழே வைத்தார்கள். கட்டில் பாதி அறையிலும் பாதி கூடத்திலுமாக நின்றது. அண்ணன் அந்தப் பக்கம், அப்பா இந்தப் பக்கம்.

"அன்னிக்கு ராத்திரி சொல்லத்தான்பா வந்தேன்" என்றான் அண்ணன். கட்டில் கம்பியைப் பார்த்தபடி பேசினான். "சொல்ல வாயெடுத்தேன். அம்மா இன்னும் கொஞ்சம் போட்டுக்கோன்னாங்க. சாப்பிட்டுட்டுச் சொல்லலாம்னு பாத்தேன். சாப்பிட்டு முடிச்சா, பாத்திரம் கழுவிட்டு வரட்டும்னு பாத்தேன். கழுவிட்டு வந்து, தூக்கம் வருதுடா, காலைல சீக்கிரம் போகணும்னாங்க. அந்த ஹாலுக்கு." அவன் நிறுத்தினான். "நேத்து அதச் சொல்லணும்னுதான் வந்தேன். வழியெல்லாம் சொல்லிப் பாத்துக்கிட்டே வந்தேன். ஒரு கால் மணி நேரம் முன்னாடி வந்திருந்தா சொல்லியிருப்பேன்."

அப்பா கட்டிலின் சக்கரத்தைப் பார்த்தார்.

"என் மேல கோபமாப்பா?"

அவள் மெத்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வாசலில் கட்டில்காரர் தள்ளுவண்டியின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அப்பாவின் தாடை அசைந்தது. உதடு பிரிந்தது. அவர் அவளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

"அதெல்லாம் இல்ல" என்றார் அப்பா. "தூக்கு."

அண்ணன் குனிந்து தன் பக்கத்தைத் தூக்கினான். இந்த முறை கட்டில் கதவைத் தாண்டி வந்துவிட்டது. அப்பா பின்புறமாக நடந்தார். கூடத்தைக் கடந்து முன்வாசலுக்கு வந்தபோது அண்ணன் நின்றான்.

"உங்க பக்கம் படி இருக்குப்பா. பாத்து வைங்க."

அவன் தன் பக்கத்தை முழங்கால் உயரத்துக்குத் தாழ்த்தி, முழு எடையும் தன் கைக்கு வரும்படி பிடித்துக்கொண்டான். அப்பா தலையாட்டினார். பின்னால் பார்க்காமல் ஒரு காலை மெல்லக் கீழே நீட்டி, படியைத் தேடினார்.